வீட்டு ஷெட்டுக்கு எந்த வெல்டிங் மெஷின்? கூட என்னென்ன டூல்ஸ்?

கேள்வி: கோவையில் சொந்த வீடு. ஒரு கார் நிற்கும் அளவுக்கு ஷெட், சிங்கிள் ஃபேஸ் இணைப்பு. சனி, ஞாயிறுகளில் பூந்தொட்டி ஸ்டாண்ட், மேசை, சின்ன கேட், பழைய புல்லட்டின் சில்லறை வேலைகள் எல்லாம் நானே செய்ய ஆசை. வெல்டிங் இதுவரை தொட்டதில்லை. 30,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். மிக், டிக், ஆர்க் மூன்றும் ஒரே பெட்டியில் வரும் 200 ஆம்ப்ஸ் மெஷின் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா? மாமா ஒருவர் தன் பட்டறையின் பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினைச் சும்மாவே தருகிறேன் என்கிறார். அதை எடுத்துக்கொள்ளலாமா? வேறு என்னென்ன டூல்ஸ் வேண்டும்?

பதில்:

மூன்றும் சேர்ந்த பெட்டி இப்போதைக்கு வேண்டாம். ஆர்க் என்பது மேல்பூச்சு உள்ள கம்பியை, அதாவது ராடை, எரித்து உருக்கி ஒட்டுவது. மிக்கில் ராடுக்குப் பதில் மெல்லிய ஒயர் சுருளிலிருந்து தானாக ஓடி வரும், டிக்கில் உருகாத டங்ஸ்டன் முனையில் ஆர்க் எரியும். நல்ல கம்பெனியின் சிறிய இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின் (எலக்ட்ரானிக் போர்டில் ஓடும் எடை குறைந்த வகை) ஒன்று வாங்குங்கள். உங்கள் 30,000-இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்குப் போகக் கூடாது. மீதிப் பணம் வெட்டுவதற்கும், பிடித்து நிறுத்துவதற்கும், அளப்பதற்கும், கண்ணையும் கையையும் காப்பதற்கும், ஒயரிங்குக்கும் வேண்டும். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் அநேகமாக இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெரிய மெஷினை வாங்கிவிட்டு, தரையில் பைப்பைப் போட்டு, காலால் மிதித்துக்கொண்டு வெட்டுகிறார்கள். ஒரு மேசைச் சட்டம் செய்து பாருங்கள், தெரியும். அளந்து குறிப்பது, வெட்டுவது, துரு தேய்ப்பது, மூலைமட்டம் வைத்துப் பிடிப்பது, அப்புறம் வெல்டைத் தேய்ப்பது, பெயின்ட் அடிப்பது என்று அரை நாள் ஓடும். அதில் ராடு எரிகிற நேரம் சில நிமிடங்கள்தான்.

சரி, முதலில் சுவரில் இருக்கும் பிளக்கைப் பார்ப்போம். உங்கள் மெஷின் எவ்வளவு பெரியது என்பதைத் தீர்மானிப்பது அதுதான், பெட்டியில் அச்சடித்திருக்கும் எண் இல்லை. வீட்டுப் பவர் பிளக் 16 ஆம்ப்ஸ். 230 வோல்டில் அது 3,680 விஏ (வோல்டையும் ஆம்ப்ஸையும் பெருக்கி வருவது). ஆர்க் மெஷினை 100 ஆம்ப்ஸில் வைத்தால் ஆர்க்கில் சுமார் 24 வோல்ட் இருக்கும், அதாவது 2,400 வாட்ஸ் வெளியே வருகிறது. உள்ளே வெப்பமாக வீணாவது 15 முதல் 20 சதவீதம். மலிவு இன்வெர்ட்டர்களில் பவர் ஃபேக்டரை (இழுக்கும் விஏ-வில் உருப்படியாக வேலைக்குப் போகும் பங்கு) சரிசெய்யும் சர்க்யூட் கிடையாது, அது 0.7 பக்கம் நிற்கும். எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் சுவரிலிருந்து 18 ஆம்ப்ஸ் இழுக்கும். 80 ஆம்ப்ஸில் வைத்தால் 14. ஆக, சாதாரண பவர் பிளக்கில் நிம்மதியாக வேலை செய்யும் எல்லை 80, 90 ஆம்ப்ஸ். தனி லைன் இழுத்தால் 110, 120 வரை போகலாம். 200 என்று போட்டிருந்தாலும் 250 என்று போட்டிருந்தாலும் உங்கள் வீட்டில் அந்த எண்ணை நீங்கள் தொடப்போவதே இல்லை.

அதனால் நஷ்டமும் இல்லை. 12 கேஜ் ராடு, அதாவது 2.5 மி.மீ., எரிய 60 முதல் 90 ஆம்ப்ஸ் போதும். ஸ்கொயர் பைப், ஆங்கிள், ஃபிளாட் (இரும்புப் பட்டை) என்று வீட்டு வேலைக்கு வரும் இரும்பில் முக்கால்வாசி அதிலேயே முடிந்துவிடும். 10 கேஜ், 3.15 மி.மீ., ராடுக்கு 90 முதல் 130 வேண்டும். அது பட்டறைக்காரர்களின் ராடு, எப்போதாவது 5, 6 மி.மீ. பிளேட் வரும்போது எடுத்தால் போதும்.

மெஷினின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் ரேட்டிங் பிளேட்டை நிதானமாகப் படியுங்கள். டியூட்டி சைக்கிள் என்று ஒன்று இருக்கும். 160 ஆம்ப்ஸுக்கு நேரே 30 சதவீதம் என்றால், அந்த கரண்டில் பத்து நிமிடத்துக்கு மூன்று நிமிடம் எரிக்கலாம், ஏழு நிமிடம் ஆற விட வேண்டும் என்று அர்த்தம். இடைவிடாமல் எரிக்க எவ்வளவு தாங்கும் என்று தெரிய வேண்டுமானால், அந்தச் சதவீதத்தின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். 0.3-இன் வர்க்கமூலம் 0.55, ஆக 160 ஆம்ப்ஸ் மெஷின் சுமார் 88-இல் நாள் முழுக்க ஓடும். உங்களுக்கு அதுவே தாராளம். டியூட்டி சைக்கிளே போடாமல் வெறும் '200' என்று மட்டும் பெரிதாக அச்சடித்த பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். கூட வரும் கேபிளையும் கையில் பிடித்துப் பாருங்கள். சுண்டுவிரல் கனம்கூட இல்லாத ஒயரைக் கொடுத்துவிட்டு 200 ஆம்ப்ஸ் என்கிறவர்கள் மெஷினுக்குள் என்ன வைத்திருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம். வெளியே செம்பு நிறத்தில் பூசி உள்ளே அலுமினியம் வைத்த கேபிளும் சந்தையில் ஓடுகிறது. நுனியைக் கத்தியால் சுரண்டினால் தெரிந்துவிடும்.

ஹாட் ஸ்டார்ட், ஆர்க் ஃபோர்ஸ், ஆன்ட்டி ஸ்டிக் இந்த மூன்றும் இருக்கட்டும். முதலாவது ராடு பற்றும் கணத்தில் கொஞ்சம் கூடுதல் கரண்ட் கொடுக்கிறது, இரண்டாவது ராடு நெருங்கி அணையப் போகும்போது தாங்கிப் பிடிக்கிறது, மூன்றாவது ஒட்டிக்கொண்டால் கரண்டைக் குறைத்துவிடுகிறது. கற்றுக்கொள்கிறவருக்கு இது பெரிய உதவி. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் ஊரில் சர்வீஸ் உண்டா என்று கேளுங்கள். கோவையில் இருந்துகொண்டு சர்வீஸ் இல்லாத மெஷினை ஆன்லைனில் வாங்குவது அநியாயம். இந்த மெஷின்களைக் கொல்வது பெரும்பாலும் ஓவர்லோடு இல்லை. பக்கத்திலேயே ஆங்கிள் கிரைண்டர் (டிஸ்க் சுற்றி இரும்பை வெட்டும், தேய்க்கும் கை மெஷின்) ஓட்டுவார்கள், இரும்புத் தூளை மெஷின் ஃபேன் உள்ளே இழுத்து போர்டில் படிய வைக்கும். இன்னொரு எதிரி பல்லி. சூடான பெட்டிக்குள் குடிபுகுந்து போர்டை ஷார்ட் செய்துவிட்டுத் தானும் போய்ச்சேரும். வேலை முடிந்ததும் ஆறவிட்டு ஒரு துணிப் பையில் போட்டுக் கட்டி வையுங்கள்.

இனி ஒயரிங். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டிபியிலிருந்து (வீட்டு லைன்கள் பிரியும் சுவிட்ச் பெட்டி) ஷெட்டுக்குத் தனி லைன் போடச் சொல்லுங்கள். 4 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர், 20 ஆம்ப்ஸ் சி டைப் எம்சிபி (கரண்ட் அளவுக்கு மேல் போனால் தானே விழும் சுவிட்ச்), 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்து ஷாக் அடித்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்), கடைசியில் 20 ஆம்ப்ஸ் தாங்கும் இண்டஸ்ட்ரியல் சாக்கெட், உருப்படியான எர்த். வீட்டின் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று மின்கட்டண அட்டையில் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள், குறைவாக இருந்தால் கூட்டிக்கொள்ளலாம். வீட்டு இணைப்பில் உங்கள் சொந்த வேலையை மட்டும் செய்யுங்கள். எதிர் வீட்டு கேட்டைக் கூலிக்குச் செய்தால் அது வேறு டாரிஃப்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் விஷயத்தில் தயவுசெய்து கஞ்சத்தனம் வேண்டாம். 1 ஸ்கொயர் எம்எம் ஒயரில் 20 மீட்டர் இழுத்தால், போக வர 40 மீட்டர், 0.7 ஓம் தடை. 15 ஆம்ப்ஸ் ஓடும்போது பத்து வோல்டுக்கு மேல் ஒயரிலேயே போய்விடும், 150 வாட்ஸுக்கு மேல் அந்த ஒயர் சூடாகும். சுருளைப் பிரிக்காமல் வைத்திருந்தால் பிளாஸ்டிக் உருகிவிடும். சாயங்காலம் ஊரே ஏசி போடும் நேரத்தில் வோல்டேஜ் ஏற்கெனவே இறங்கியிருக்கும், அதில் பத்து வோல்ட் என்பது ராடு ஒட்டுவதற்கும் ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம். 'மெஷின் சரியில்லை' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் பாதிக் கேஸ்களில் குற்றவாளி இந்த ஒயர்தான். வீட்டு யுபிஎஸ் லைனில் மெஷினைச் செருகவே கூடாது.

மிக் ஏன் வேண்டாம் என்கிறேன்? மிக் கெட்டது இல்லை. மெல்லிய தகடுக்கு, கார் பாடியில் துரு பிடித்த இடத்துக்கு ஒட்டுப் போடுவதற்கு அதுதான் சுகம், கற்றுக்கொள்வதும் எளிது. ஆனால் உருகிய இரும்பைக் காற்று தொடாமல் காக்க அதற்கு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரோ ஆர்கான் கலவையோ வேண்டும். டெபாசிட் கட்ட வேண்டும், ரெகுலேட்டர் வாங்க வேண்டும், தீர்ந்தால் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதைவிட முக்கியம், நம் ஷெட்டுகள் முக்கால்வாசி திறந்தவை. காற்று அடித்தால் வாயு கலைந்து வெல்டு முழுக்கப் பொத்தல் பொத்தலாக வரும். ஃபேன் போட்டால் வாயு போய்விடும், போடாவிட்டால் நீங்கள் வேர்த்தே கரைந்துவிடுவீர்கள். கேஸ் இல்லாமல் ஓடும் ஃபிளக்ஸ் ஒயர் இருக்கிறது. அதற்கு மெஷினில் போலாரிட்டியை (பிளஸ், மைனஸை) மாற்றி டார்ச்சை (ஒயர் வெளியே வரும் கைப்பிடியை) மைனஸில் போட வேண்டும், இதைச் சொல்லாமலே விற்கிறார்கள். பொறி அதிகம், ஒயரின் விலையும் அதிகம். ஆர்க்கில் அந்த வாயுவை ராடின் மேல்பூச்சே எரிந்து உண்டாக்கிக்கொள்கிறது, மொட்டைமாடிக் காற்றிலும் வேலை நடக்கும்.

டிக் இன்னும் தூரம். மூன்றும் சேர்ந்த பெட்டிகளில் வருவது பெரும்பாலும் டிசி டிக். இரும்பும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அதில் அழகாக வரும், அலுமினியம் வராது, அதற்கு ஏசி டிக் வேண்டும். டார்ச், ஆர்கான், டங்ஸ்டன் எல்லாம் தனிச் செலவு. இரண்டு வருடம் கழித்து ஆசை குறையாமல் இருந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ராடு என்று கேட்டால் கடையில் கையில் கொடுப்பது 6013 என்ற வகைதான். அதையே வாங்குங்கள், 12 கேஜில் ஒரு பாக்கெட். அடோர், ஈசாப், டி அண்டு எச் என்று தெரிந்த பெயராக இருந்தால் போதும். யூட்யூபில் பார்த்துவிட்டு 7018 என்ற வகையைக் கேட்காதீர்கள். அதை அடுப்பில் காயவைத்துச் சூடாகவே வைத்திருக்க வேண்டும், பூந்தொட்டி ஸ்டாண்டுக்கு அது எதற்கு? 6013 ஈரத்தை ஓரளவு பொறுக்கும், ஆனாலும் ஐப்பசி மழையில் திறந்து போட்ட பாக்கெட் நமத்துப்போகும். இறுக்கமான மூடி உள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். பூச்சு உதிரும் ராடைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

இரும்பு எடைக்குத்தான் விற்பார்கள். ஆரம்பத்தில் 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ., ஒரு இன்ச் ஸ்கொயர் பைப் வாங்குங்கள். ஒரு லெங்த், அதாவது 20 அடி, ஏழு கிலோ வரும். விலை குறைவு என்று 20 கேஜ் வாங்கினால் 0.9 மி.மீ.தான் இருக்கும், ராடு பட்டதும் ஓட்டை விழும், ஓட்டையை அடைக்கப் போய் இன்னும் பெரிதாகும், அன்றோடு வெல்டிங் ஆசையே போய்விடும். பட்டறையில் இருபது வருடம் இருந்தவர்கள் 20 கேஜை ஆர்க்கில் ஒட்டுகிறார்கள், உண்மைதான், அவர்கள் கை வேறு. ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்கி இரும்புக் கடைக்கே கொண்டுபோங்கள். பேச்சில் 16 ஆக இருப்பது காலிப்பரில் 18 ஆக மாறும் அதிசயங்கள் அங்கே உண்டு. கால்வனைஸ்டு பைப்பைப் பழகுவதற்குத் தொடவே வேண்டாம். துத்தநாகப் பூச்சு எரிந்து வெள்ளைப் புகை வரும், அதைச் சுவாசித்தால் அன்று ராத்திரி குளிர்க்காய்ச்சல் வந்தாற்போல் நடுங்கும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பார்கள், பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கட்டாயம் வெல்டு செய்தே ஆக வேண்டுமென்றால் இணையும் இடத்தைச் சுற்றிப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டத்தில் செய்யுங்கள்.

முதல் ராடு எரிக்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் சொல்கிறேன். கண் தானாகவே பளீரென்ற ஆர்க்குக்குத்தான் போகும். அதைப் பார்க்காதீர்கள், அதற்குச் சற்றுப் பின்னால் பாருங்கள். உருகிய குளம் ஒன்று இருக்கும். அதில் இரண்டு விதமான திரவம் ஓடுகிறது. பிரகாசமாக, ஆரஞ்சு நிறத்தில், மேலே அலைந்துகொண்டிருப்பது ஸ்லாக், அதாவது ராடின் பூச்சு உருகி வரும் கசடு. அதற்கு அடியில், ஆர்க்கை ஒட்டி, சற்று மங்கலாக வழவழவென்று தெரிவதுதான் இரும்பு. புதியவர்கள் ஸ்லாக்கை இரும்பு என்று நினைத்துக்கொண்டு அதன் பின்னாலேயே கையை ஓட்டுவார்கள். தட்டிப் பார்த்தால் அடியில் ஒன்றுமே ஒட்டியிருக்காது. ஸ்லாக் ஆர்க்கைத் தாண்டி முன்னால் ஓட வந்தால் ராடைப் போகும் திசையில் இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள், அல்லது கரண்டை ஐந்து ஆம்ப்ஸ் கூட்டுங்கள். ராடு நுனிக்கும் இரும்புக்கும் இடைவெளி ராடின் கனம் அளவுதான் இருக்க வேண்டும். சரியாக இருந்தால் கொதிக்கும் எண்ணெயில் வடை விழுந்தாற்போல் ஒரே சீராகச் சடசடக்கும். இடைவெளி கூடினால் சத்தம் சீர் குலைந்து, பொறி நாலாபக்கமும் சிதறும். ஆறியதும் ஸ்லாக் தட்டுகிற சுத்தியலால் இரண்டு தட்டு. நன்றாக விழுந்த வெல்டில் ஸ்லாக் பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும், சில சமயம் தானாகவே சுருண்டு எழும். அப்போது கண்ணாடி போட்டிருங்கள், சூடான ஸ்லாக் நேரே கண்ணுக்குத்தான் தெறிக்கும்.

ஸ்கொயர் பைப்பில் ஒரே இழுப்பாக ஓட்ட முயலாதீர்கள். 60, 65 ஆம்ப்ஸில் வைத்து, ராடு பிடிக்கும் ஹோல்டரை மெஷினின் மைனஸில் போட்டு, அரை இன்ச் ஓட்டி நிறுத்தி, சிவப்பு அடங்கியதும் அடுத்த அரை இன்ச். ஒட்டியது பிடித்ததா என்று எப்படித் தெரியும்? இரண்டு துண்டு ஃபிளாட்டை டி வடிவில் நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் வெல்டு செய்யுங்கள். வைஸில் (மேசையில் பொருத்தும் இரும்புப் பிடி) கடித்து, வெல்டு விரியும் திசையில் சுத்தியலால் அடித்து மடக்குங்கள். வெல்டு அப்படியே பட்டையாகப் பிரிந்து வந்தால் ஒட்டவில்லை. இரும்பையும் பிய்த்துக்கொண்டு வந்தால், அல்லது உடையாமல் மடங்கினால், பிடித்திருக்கிறது. இந்தச் சோதனையில் தேறும்வரை கேட், ஊஞ்சல், ஏணி பக்கம் போகாதீர்கள். மனிதர்கள் ஏறும் எதுவும் கடைசியில்தான்.

கிரைண்டரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும். ஷெட்டில் ரொம்ப நேரம் உங்கள் கையில் இருக்கப்போவது அதுதான், ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் அநேகமாக அதுதான். 4 இன்ச், 700 முதல் 850 வாட்ஸ், பாஷ், மகிதா, டீவால்ட் மாதிரி கார்பன் பிரஷ்ஷும் சுவிட்சும் உள்ளூரில் கிடைக்கும் கம்பெனியாகப் பாருங்கள். முடிந்தால் இரண்டு வாங்குங்கள், ஒன்றில் வெட்டும் டிஸ்க், இன்னொன்றில் ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் அடுக்கிய, தேய்க்கும் டிஸ்க்). நிமிடத்துக்கு ஒரு தரம் கழற்றி மாட்டும் எரிச்சலே ஆளைக் கவனக்குறைவில் தள்ளிவிடும். 11,000 ஆர்பிஎம்மில் 4 இன்ச் டிஸ்கின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அதில் ஒரு துண்டு உடைந்தால் எங்கே போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கார்டை (டிஸ்கைப் பாதி மூடியிருக்கும் தகட்டுக் கவசம்) கழற்றாதீர்கள். பட்டறைகளில் கார்டு இல்லாத கிரைண்டரைத்தான் எங்கும் பார்ப்பீர்கள், அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாம். 5 இன்ச் டிஸ்கை 4 இன்ச் மெஷினில் மாட்டுவது, மரம் வெட்டும் பல்சக்கரத்தை மாட்டுவது இரண்டும் விரலுக்கு ஆபத்து. டிஸ்கின் நடுவில் இருக்கும் உலோக வளையத்தில் காலாவதித் தேதி அச்சடித்திருக்கும். பசை போட்டு ஒட்டிய சக்கரம் அது, மூன்று வருடத்துக்கு மேல் நம்பக் கூடாது.

வெட்டுவதற்கு 1 அல்லது 1.2 மி.மீ. டிஸ்க், வெல்டைச் சமன் செய்ய 40 அல்லது 60 கிரிட் ஃபிளாப் டிஸ்க். மெல்லிய டிஸ்கின் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்கவே கூடாது. வெட்டும்போது பைப்பின் அறுந்து விழும் பக்கம் தொங்கட்டும். இரண்டு பக்கமும் தாங்கு கொடுத்தால் நடுவில் வாய் மூடி டிஸ்கைக் கவ்வும், கிரைண்டர் உங்களை நோக்கிப் பாயும். டிஸ்க் சுற்றும் நேர்க்கோட்டில் முகத்தை வைக்காதீர்கள். இன்னொன்று, பொறி எங்கே போகிறது என்று பாருங்கள். அது வெறும் வெளிச்சம் இல்லை, உருகிய இரும்பு. கார் கண்ணாடியிலும் ஷெட் டைல்ஸிலும் போய்ப் பதிந்துவிடும். அடுத்த மழைக்குப் பிறகு டைல்ஸ் முழுக்கத் துருப் புள்ளிகள் பூக்கும், எளிதில் போகாது, வீட்டில் உங்களுக்கு நல்ல பெயரும் இருக்காது. காரை வெளியே எடுத்துவிட்டு, ஒரு பழைய தகரத்தைப் பொறி போகும் பக்கம் நிறுத்துங்கள். அதே தகரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆர்க்கைப் பார்க்காமலும் மறைக்கும்.

பிடிப்பதற்கு 4 அல்லது 5 இன்ச் பெஞ்ச் வைஸ் ஒன்று, ஆடாத மேசையில் போல்ட் போட்டு இறுக்கியது. சி கிளாம்ப் நான்கு. மேக்னெட் மூலைமட்டம் இரண்டு. மேக்னெட்டை வைத்து டாக் (தற்காலிகமாகப் பிடித்து நிறுத்தும் சின்னப் பொட்டு வெல்டு) போட்டதும் எடுத்துவிடுங்கள், டிசி ஆர்க் காந்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடும். நான்கு மூலையிலும் டாக் மட்டும் போட்டுவிட்டு, குறுக்குக்கோடு இரண்டையும் டேப்பால் அளந்து பாருங்கள். சமமாக இருந்தால் சதுரம் சரி. இல்லையென்றால் ஒரு மூலையை மரச்சுத்தியலால் தட்டிச் சரிசெய்துவிட்டு அப்புறம் முழு வெல்டு, அதுவும் எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி. வெல்டு ஆறும்போது சுருங்கி இரும்பை இழுக்கும். இழுக்காமல் செய்ய யாராலும் முடியாது, இரண்டு பக்கமும் சமமாக இழுக்க வைக்கலாம், அவ்வளவுதான்.

டிரில் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும், சுவரில் ஆணி அடிக்க வாங்கியது. அது 2,800 ஆர்பிஎம் பக்கம் சுற்றும். இரும்பில் 8 மி.மீ. ஓட்டை போட 1,000 ஆர்பிஎம் போதும், அதற்கு மேல் போனால் பிட்டின் முனை நீலமாகி மழுங்கிவிடும். டிரிகரைப் பாதி அழுத்தி, சென்டர் பஞ்ச் வைத்துக் குறித்து, 3 மி.மீ.யில் ஆரம்பித்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் போடுங்கள். நின்று ஓடும் டிரில்லிங் மெஷின் இப்போது தேவையில்லை. கம்ப்ரஸரும் அப்படித்தான், ரெட் ஆக்சைடும் பெயின்ட்டும் பிரஷ்ஷில் அடித்தால் போதும்.

கண்ணுக்கு ஆட்டோ டார்க் ஹெல்மெட், ஆர்க் பற்றியதும் கண்ணாடி தானாக இருளும் வகை. 60 முதல் 130 ஆம்ப்ஸ் வரை கண்ணாடியின் இருட்டு அளவை, அதாவது ஷேடை, 10-இல் வைத்தால் சரியாக இருக்கும். கையில் பிடிக்கும் பழைய ஷீல்டில் ஒரு கை போய்விடுகிறது, புதியவருக்கு இரண்டு கையும் வேண்டும். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு டாக் போடும் ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். அன்று ராத்திரி கண்ணில் மணல் விழுந்த உறுத்தலும் நீரும் ஆரம்பிக்கும், சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும் என்பதால் பகலில் தைரியமாக இருப்பார்கள். உருளைக்கிழங்கை அரிந்து வைக்காமல் கண் டாக்டரிடம் போங்கள், வழக்கமாக ஓரிரு நாளில் ஆறிவிடும். உடம்புக்கு முழுக்கைக் காட்டன் சட்டை, ஜீன்ஸ், தோல் ஷூ, தோல் கையுறை. பாலியெஸ்டர் டிராக் பேன்ட் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கையுறை இரண்டு ஜோடி வாங்கி, வேர்வையில் நனைந்ததை மாற்றுங்கள். ராடு எரியாதபோது ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் நிற்கும், ஈரக் கைக்கு அது போதும். ஆர்சிசிபி இருக்கிறதே என்று நம்பாதீர்கள், மெஷினுக்குள் வெளியீட்டுப் பக்கம் தனியாகப் பிரிந்திருப்பதால் அங்கே ஷாக் அடித்தால் ஆர்சிசிபிக்குத் தெரியாது. காய்ந்த பலகை மேல் நின்று வேலை செய்யுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல். வேலை முடிந்து அரை மணி நேரம் ஷெட்டைவிட்டுப் போகாதீர்கள், சாக்கு மூட்டைக்குள் விழுந்த பொறி மெதுவாகத்தான் பற்றும்.

புல்லட் விஷயம். ஸ்டாண்ட், கேரியர், பை மாட்டும் சட்டம் எல்லாம் தாராளமாகச் செய்யலாம். பேட்டரியைக் கழற்றுங்கள், இக்னிஷன் யூனிட்டின் கனெக்டரையும் எடுத்துவிடுங்கள். எர்த் கிளாம்பை (வெல்டிங் கரண்ட் மெஷினுக்குத் திரும்பும் கேபிளின் கவ்வி) வெல்டு செய்யும் துண்டிலேயே பக்கத்தில் கடிக்க விடுங்கள். சக்கரத்தில் மாட்டிவிட்டு ஃபிரேமில் வெல்டு செய்தால் கரண்ட் பேரிங் வழியாக ஓடி அதன் குண்டுகளைத் தின்னும். சைலன்சர் மெல்லிய தகடு, மேலே குரோம் வேறு. குரோம் புகை விஷம், அதை டிக் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். பெட்ரோல் டேங்கை எத்தனை தரம் கழுவினாலும் நீங்கள் தொடக் கூடாது. ஃபோர்க், ஸ்விங் ஆர்ம், ஸ்டீரிங் பக்கமும் வேண்டாம். பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடித்த இடத்தில் அது காயாமல் ஆர்க் போடாதீர்கள். குளோரின் கலந்த கிளீனர் ஆர்க்கின் சூட்டில் பாஸ்ஜீன் என்ற விஷ வாயுவாக மாறும்.

இதையெல்லாம் படித்துக் கற்றுக்கொள்வதைவிட, பக்கத்து கிரில் பட்டறையில் போய், 'அண்ணா, நாலு சனிக்கிழமை வந்து கூட நிற்கட்டுமா, இரும்பு பிடித்துக் கொடுக்கிறேன்' என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். வெட்டுத் துண்டுகளும் கிடைக்கும்.

மாமாவின் டிரான்ஸ்ஃபார்மர் மெஷின். அது நல்ல மெஷின்தான், நாற்பது வருடம் ஓடும். ஆனால் பட்டறை மெஷின்கள் பெரும்பாலும் இரண்டு ஃபேஸில், 415 வோல்டில் ஓடுபவை, உங்கள் சிங்கிள் ஃபேஸில் வேலையே செய்யாது. சிங்கிள் ஃபேஸ் வகையாக இருந்தாலும் ராடு தொடும் ஒவ்வொரு தடவையும் வீட்டு லைட் மங்கும், எம்சிபி விழும், தூக்கி நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். அதனால் மெஷினை அவரிடமே விட்டுவிடுங்கள். கூட இருக்கும் கேபிள், ஹோல்டர், எர்த் கிளாம்ப் மூன்றையும் மட்டும் கேட்டு வாங்குங்கள். பழைய ஆட்கள் வாங்கி வைத்த கேபிள் பெரும்பாலும் அசல் செம்பு, 35 ஸ்கொயர் எம்எம் கனம். இன்வெர்ட்டருடன் வரும் மெல்லிய கேபிளைக் கழற்றிவிட்டு, உங்கள் மெஷினின் சாக்கெட்டுக்குப் பொருந்தும் கனெக்டர் போட்டு இதை மாட்டுங்கள். ரப்பர் வெடித்திருக்கிறதா என்று முழு நீளத்துக்கும் கையால் தடவிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.